தனியறைத் தெரபிஸ்டுக்கு எதற்குக் குழு சிகிச்சைப் பயிற்சி? எடுக்கும் முறையும் பயன்படுத்தும் முறையும்

தனியறையில் ஒருவரை மட்டும் உட்காரவைத்துச் சிகிச்சை தரும் தெரபிஸ்டுக்கு ஒரு குறை உண்டு. கிளையன்ட் மற்றவர்களிடம் எப்படிப் பழகுகிறார் என்பதை அவர் வாயால் சொல்லித்தான் கேட்கிறோம், கண்ணால் பார்ப்பதில்லை. ‘யாருமே என்னை மதிக்கிறதில்ல’ என்று பத்து செஷனாகச் சொல்லிவருபவர், அடுத்தவர் வாய் திறக்க இடமே கொடுக்காதவராக இருக்கலாம். தனியறையில் அது தெரியவராது. அங்கே கேட்பதற்கென்றே ஒருவர் கட்டணம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

இரண்டாவது குறை தெரபிஸ்டின் பக்கம் இருக்கிறது. ஒரு கிளையன்ட் பேசப் பேச உங்களுக்கு எரிச்சல் வருகிறது. அவர் எல்லோரிடமும் கிளப்புகிற எரிச்சல்தானா அது, அல்லது உங்கள் வீட்டுப் பெரியவர் யாரையாவது அவர் நினைவுபடுத்துகிறாரா? ஒப்பிட்டுப் பார்க்க அந்த அறையில் வேறு ஆள் இல்லை. தராசு ஒன்றுதான், அது சரியாக நிறுக்கிறதா என்று சோதிக்கப் படிக்கல்லும் இல்லை. பலரை ஒன்றாக உட்காரவைத்துப் பேசவிடும் குழு சிகிச்சையில் அதே மனிதர் பேசும்போது எட்டுப் பேர் கேட்கிறார்கள். ஆறு பேருக்கு எரிச்சல் வந்தால் அது அவர் கொண்டுவருவது. மற்ற எல்லோரும் உருகிப்போய்க் கேட்டுக்கொண்டிருக்க உங்களுக்கு மட்டும் எரிச்சல் என்றால், அந்தக் கேள்வியை உங்கள் சூப்பர்வைசரிடம், அதாவது உங்கள் சிகிச்சைப் பணியை மேற்பார்க்கும் மூத்தவரிடம், எடுத்துப்போக வேண்டும். சில மாதம் இப்படி ஒப்பிட்டுப் பழகிய தெரபிஸ்ட், தனியறைக்குத் திரும்பிய பிறகும் தன் உணர்வுகளைப் பழையபடி கண்ணை மூடிக்கொண்டு நம்புவதில்லை. குழு சிகிச்சைப் பயிற்சியில் கிடைப்பவற்றில் இதுவே பெரிது. மற்றதெல்லாம் இதற்குப் பின்னால்தான்.

ஏற்கெனவே இரண்டு மூன்று ஆண்டு தனிநபர் சிகிச்சை செய்துவரும் மருத்துவ உளவியலாளர்கள், உளவியல் ஆலோசகர்கள், மனநல சமூகப் பணியாளர்கள் ஆகியோரை மனதில் வைத்துக் கீழே உள்ளவை எழுதப்பட்டிருக்கின்றன.

எது பயிற்சி, எது பயிற்சி இல்லை

ஹோட்டல் ஹாலில் இரண்டு நாள் பவர்பாயின்ட் பார்த்து, மாலையில் சர்டிபிகேட் வாங்கி வருவது அறிமுகம் மட்டுமே. பயிற்சி என்று சொல்ல நான்கு பகுதிகள் வேண்டும்: உறுப்பினராகக் குழுவில் இருப்பது, கோட்பாடு படிப்பது, நடக்கும் குழுவைப் பார்வையாளராகக் கவனிப்பது, சூப்பர்விஷனோடு ஒரு குழுவை நடத்துவது. இந்த வரிசை மாறக்கூடாது. முதலில் கோட்பாட்டைப் படித்துவிட்டுப் போகிறவர்கள், உறுப்பினராக உட்கார்ந்த இடத்திலும் மற்றவர்களுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டே தப்பித்துவிடுவார்கள்.

உறுப்பினராக இருப்பதற்குக் குறைந்தது 30 மணி நேரம் ஒதுக்குங்கள். வாரம் ஒருமுறை ஒன்றரை மணி நேரம் என்றால் 20 வாரம். அதே 30 மணி நேரத்தை நான்கே நாளில் முடித்துக்கொண்டால் அனுபவம் சூடாக இருக்கும். ஆனால் ஒருவர் மீது கோபப்பட்டுவிட்டு, வீட்டுக்குப் போய், ஆறு நாள் அதைச் சுமந்து, மறுபடி அவர் முகத்தில் விழிக்கிற அந்த இடைவெளி கிடைக்காது. பாதிப் பாடம் அந்த ஆறு நாளில்தான் இருக்கிறது. 1971இல் லண்டனில் தொடங்கப்பட்ட குழுப் பகுப்பாய்வு நிறுவனத்தில், தகுதி பெற விரும்புகிறவர் ஆண்டுக்கணக்கில் ஒரு சிகிச்சைக் குழுவில் தானும் உறுப்பினராக இருந்தாக வேண்டும். நம் ஊரில் அவ்வளவு வாய்ப்பு இல்லைதான். ஆனாலும் அந்தப் பகுதியை அடியோடு விட்டுவிட்டு நடத்துவதற்கு மட்டும் பழகுவது, நீரில் இறங்காமல் நீச்சல் சொல்லிக்கொடுப்பது போலத்தான்.

இந்தியாவில் ஐசாப்ஸ் (ISABS, நடத்தை அறிவியல் பயிற்சி தரும் சங்கம்) போன்ற அமைப்புகள் 1970களிலிருந்து தங்கிப் பயிலும் ‘லேப்’களை நடத்திவருகின்றன. குழுவுக்குள் தான் எப்படி இருக்கிறோம் என்று பார்க்க அவை நல்ல இடம். ஆனால் அது கற்றலுக்கான குழு, சிகிச்சைக் குழு அல்ல. அங்கே கற்ற அதே நேரடித்தன்மையை நோயாளிகளிடம் காட்டினால் காயப்படுத்திவிடுவீர்கள். இந்த லேப்களின் பிறப்பே சுவையான கதை. 1946இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் சமூக உளவியலாளர் கர்ட் லெவின் நடத்திய பட்டறை ஒன்றில், பங்கேற்றவர்கள் பகலில் நடந்துகொண்ட விதத்தை ஆய்வாளர்கள் இரவில் உட்கார்ந்து அலசுவது வழக்கம். பங்கேற்பாளர்கள் சிலர் தாங்களும் வந்து கேட்கலாமா என்றார்கள். கேட்டபோது, ‘நான் அப்படிச் செய்யவே இல்லையே’ என்று ஒருவர் மறுக்க, மற்றவர்கள் தாங்கள் பார்த்ததைச் சொல்ல, அந்த இரவு விவாதமே பகல் வகுப்பைவிடப் பெரிய பாடமாகிவிட்டது.

குழுவைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றை மட்டும் கண்டிப்பாகப் பாருங்கள். அதை நடத்துபவர் உங்களுக்கு மார்க் போடுபவராகவோ சம்பளம் தருபவராகவோ இருக்கக்கூடாது. ஒரே மருத்துவமனையில் வேலை செய்கிற இருவர் ஒரே குழுவில் இருப்பதும் சரிப்படாது. திங்கட்கிழமை காலை டீ குடிக்கிற இடத்தில் பார்த்துக்கொள்ள வேண்டியவரிடம் யாரும் உள்ளதைச் சொல்வதில்லை.

கோட்பாட்டுக்கு 12 முதல் 15 மணி நேரம் போதும். வரலாற்றில் இரண்டு இடங்களைத் தெரிந்துகொண்டால் நல்லது. 1905இல் பாஸ்டனில் ஜோசப் பிராட் என்ற மருத்துவர், சானடோரியத்துக்குப் போக வசதியில்லாத காசநோயாளிகளைக் கூட்டமாக உட்காரவைத்துப் பாடம் நடத்தினார். பாடத்தோடு, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதும் அவர்களுக்குத் தெம்பு தருவதைக் கண்டார். இரண்டாம் உலகப் போரின்போது பர்மிங்காம் அருகே நார்த்ஃபீல்ட் ராணுவ மருத்துவமனையில் பியோன், ஃபோக்ஸ் போன்ற மனநல மருத்துவர்கள் செய்த சோதனைகள் அடுத்த திருப்பம். பியோனிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, வேலையைத் தவிர்க்கும் குழு மூன்று பாதைகளில் ஓடும் என்பது: தலைவர் காப்பாற்றுவார் என்று சார்ந்திருப்பது, யாரையாவது எதிரியாக்கிச் சண்டை போடுவது அல்லது ஓடுவது, இருவரை ஜோடியாகப் பேசவிட்டு ஏதோ நல்லது பிறக்கும் என்று மற்றவர்கள் காத்திருப்பது. அமெரிக்க மனநல மருத்துவர் இர்வின் யாலம் வகுத்த 11 சிகிச்சைக் காரணிகளையும் (குழுவில் குணமாக்குபவை எவை என்ற பட்டியல்) படியுங்கள். ‘எனக்கு மட்டும் இல்லை’ என்று உணர்வது, அடுத்தவருக்கு உதவுவதால் வரும் பலம், குடும்பத்தில் பழகிய பழைய பாத்திரத்தைக் குழுவில் மறுபடி ஆடித் திருத்திக்கொள்வது போன்றவை அதில் வரும். தனியறையில் முதல் இரண்டையும் தெரபிஸ்டால் தரவே முடியாது, எவ்வளவு திறமை இருந்தாலும்.

முதல் குழுவைச் சேர்ப்பது

உரையாடல் வழியாக நடக்கும் குழுவுக்கு 7 அல்லது 8 பேர் நல்ல அளவு. 5க்குக் கீழே போனால் ஒவ்வொருவராகப் பேட்டி எடுப்பது போல் ஆகிவிடும். 10ஐத் தாண்டினால் சிலர் சுவரோடு சுவராகிவிடுவார்கள். முதல் சில வாரங்களில் ஒருவரோ இருவரோ நின்றுவிடுவது வழக்கம் என்பதால் 9 பேரோடு தொடங்குங்கள். நேரம் 90 நிமிடம்.

சேர்க்கும் முன் ஒவ்வொருவரையும் தனியாக இரண்டு முறை சந்தியுங்கள். இந்த வேலையைச் சுருக்குபவர்களின் குழுதான் ஐந்தாவது வாரத்தில் கலைகிறது. ‘குழுவில் உங்களுக்கு எது கஷ்டமா இருக்கும்னு நினைக்கிறீங்க? அப்படி நடந்தா வழக்கமா என்ன செய்வீங்க?’ என்று கேளுங்கள். ‘போறதை நிறுத்திடுவேன்’ என்று பதில் வந்தால், அதையே ஒப்பந்தத்தில் சேர்த்துவிடலாம்: நிறுத்தத் தோன்றினால் அதைக் குழுவில் வந்து சொல்லிவிட்டு, அதன் பிறகு மூன்று வாரம் வருவது. தற்கொலை நெருக்கடியில் இருப்பவர், கடுமையான மனச்சிதைவு நிலையில் இருப்பவர், போதை தெளியாதவர் ஆகியோருக்கு முதலில் வேறு சிகிச்சை வேண்டும். நிலை சீரான பின் இதே குழுவுக்கு அவர்கள் வரலாம்.

ரகசியம் காப்பதைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் பேசிவிட வேண்டும். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு சிகிச்சை தரும் உங்களைக் கட்டுப்படுத்தும். எதிர் நாற்காலியில் இருக்கும் சக உறுப்பினரை அது கட்டுப்படுத்தாது. ‘இங்கே பேசியது வெளியே போகாது’ என்று நீங்கள் உறுதி கொடுக்காதீர்கள், ஏனென்றால் அது உங்கள் கையில் இல்லை. ‘ஒவ்வொருவரும் மற்றவர்களுக்குக் கொடுக்கிற வாக்கு’ என்று சொல்லி, எழுத்தில் வாங்குங்கள். உறுப்பினர்கள் தங்களுக்குள் வாட்ஸ்அப் குரூப் தொடங்கக்கூடாது என்பதையும் அதிலேயே சேருங்கள். தொடங்கிவிட்டால், குழுவில் பேச வேண்டியதெல்லாம் இரவு பதினொரு மணிக்கு வாய்ஸ் நோட்டாகப் போய்விடும். குழு கூடும் வியாழக்கிழமை எல்லோரும் சிரித்த முகத்தோடு வந்து உட்கார்ந்திருப்பார்கள்.

அறையில் ஒரே உயரமுள்ள நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள், நடுவில் மேசை வேண்டாம். பத்து நாற்காலிக்குச் சுமார் மூன்றரை மீட்டர் குறுக்களவு வரும். யாராவது வராவிட்டால் அவர் நாற்காலியை எடுத்துவிடாதீர்கள். அந்தக் காலி இடத்தைக் குழு எப்படிக் கையாள்கிறது என்பதே ஒரு தகவல். சிலர் அதில் பையை வைப்பார்கள்.

உள்ளே: பேச்சைக் கேட்பதும் நடப்பதைப் பார்ப்பதும்

பயிற்சியில் சொல்லித்தரும் உதாரணம் ஒன்று. நான்காவது வாரம். ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் தன் மேலதிகாரியைப் பற்றி 20 நிமிடமாகப் பேசிக்கொண்டிருக்கிறார். ‘காலைல கொஞ்சம் பிராணாயாமம் பண்ணிப் பாருங்க சார்’ என்கிறார் ஒருவர். ‘எங்க ஆபீஸ்லயும் இதே கதைதான்’ என்கிறார் இன்னொருவர். கல்லூரி மாணவி ஒருத்தி துப்பட்டா நுனியை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரிக்கிறாள்.

தனியறைப் பழக்கம் உள்ள தெரபிஸ்ட், ‘மேலதிகாரி அப்படிச் சொன்னப்போ உங்களுக்கு எப்படி இருந்துச்சு?’ என்று கேட்பார். அவர் இன்னும் பத்து நிமிடம் பேசுவார், மற்ற ஏழு பேரும் பார்வையாளர்களாகிவிடுவார்கள். குழுப் பயிற்சி உள்ளவரின் கேள்வி வேறு பக்கம் போகும்: ‘நீங்க பேசிட்டு இருக்கும்போது, இந்த ரூம்ல யார் உங்களைக் கேக்கிறாங்க, யார் கேக்கலைன்னு தோணுது?’ அவர் தலையைத் தூக்கி வட்டத்தைச் சுற்றிப் பார்க்கிறார், அநேகமாக அன்று முதல்முறையாக. பிறகு தெரபிஸ்ட் மாணவியிடம், அவள் எதையும் பேசியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லாதபடி, ‘உங்க கை ஏதோ சொல்லிட்டு இருக்கு’ என்கிறார். அவள் சற்றுத் தயங்கி, ‘அங்கிள் பேசுறப்போ நடுவுல பேசவே பயமா இருக்கு. எங்க அப்பாகிட்டயும் அப்படித்தான்’ என்கிறாள்.

மேலதிகாரி பேச்சிலிருந்து போய்விட்டார். இப்போது இருப்பது இந்த இருவருக்கும் நடுவில் நடப்பது, இங்கே, இந்த நிமிடத்தில். ஆனால் இத்தோடு விட்டுவிட்டால் அவர் அவமானப்பட்டு அடுத்த வாரம் வரமாட்டார். புதியவர்கள் இங்கேதான் தவறுவார்கள், சரியான இடத்தைத் தொட்டுவிட்ட மகிழ்ச்சியில் தொடப்பட்டவரை மறந்துவிடுவார்கள். உடனே அவர் பக்கம் திரும்பி, ‘இதைக் கேக்கிறது சுலபம் இல்ல. என்ன ஓடுது உங்களுக்குள்ள?’ என்று கேட்டு, அவர் பதில் சொல்லும்வரை அந்தச் செஷனை முடிக்கக்கூடாது.

உறவுமுறைச் சொற்களையும் காதுகொடுத்துக் கேளுங்கள். தமிழ்க் குழுவில் இரண்டாவது வாரத்துக்குள் அண்ணா, அக்கா, தம்பி, அங்கிள், ‘சொல்லுங்கம்மா’ எல்லாம் வந்துவிடும். தடை போட வேண்டியதில்லை, போட்டாலும் நிற்காது. ஆனால் ஒருவரை அக்கா என்று கூப்பிட்டதும் அவர் மீது ஒரு வேலையும் ஏறிக்கொள்கிறது: எல்லோருக்கும் தண்ணீர் எடுத்துக்கொடுப்பது, அழுகிறவருக்கு டிஷ்யூ நீட்டுவது, தன் கஷ்டத்தைச் சொல்லாமல் இருப்பது. ‘அக்கான்னு கூப்பிட்டதுக்கு அப்புறம் உங்களால எதைச் சொல்ல முடியல?’ என்ற ஒரு கேள்வி, ஒரு மாத மௌனத்தைத் திறக்கக்கூடும். குழு உங்களை ‘சார்’, ‘மேடம்’ என்று கூப்பிட்டு அறிவுரைக்காகக் காத்திருக்குமே, அதுதான் பியோன் சொன்ன சார்ந்திருத்தல்.

ஒவ்வொரு செஷனுக்குப் பின்னும் 30 நிமிடம் எழுதுங்கள். முதலில் வட்டம் வரைந்து யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று குறியுங்கள், யார் யாரிடம் பேசினார் என்பதற்கு அம்புக்குறி போடுங்கள். யார் பேசி முடித்ததும் மௌனம் வந்தது, பேச்சு எந்த இடத்தில் திடீரென்று திசை மாறியது, உங்களுக்கு எப்போது தூக்கம் வந்தது என்பதையும் எழுதுங்கள். தூக்கம் நம்பகமான தகவல். அதற்குப் பிறகு, நடந்த ஏதாவது ஒன்றை மூன்று வாக்கியமாக எழுதிப் பாருங்கள்: தனி ஒருவரைப் பற்றி ஒன்று, இருவருக்கு இடையில் நடந்தது பற்றி ஒன்று, குழு முழுவதையும் பற்றி ஒன்று. ஒருவர் தாமதமாக வந்தார் என்று வைத்துக்கொள்வோம். ‘அவருக்கு நெருக்கம் பயம்’ என்பது முதல் வகை. ‘போன வாரம் அவரை மறுத்துப் பேசியவரைப் பார்க்கத் தயங்குகிறார்’ என்பது இரண்டாவது. ‘குழுவில் எல்லோருக்குமே இன்று வரத் தயக்கம், அவர் அதை எல்லோருக்காகவும் செய்துகாட்டினார்’ என்பது மூன்றாவது. மூன்றாவது வாக்கியம் முதல் இரண்டு மாதம் வரவே வராது. வராவிட்டாலும் காலியாக ஒரு கோடு போட்டு வையுங்கள்.

எங்கே கெடுகிறது

அதிகம் நடக்கும் தவறு, முறை வைத்து ஆளுக்குப் பத்து நிமிடம் சிகிச்சை தருவது. வெளியிலிருந்து பார்த்தால் குழு ஒழுங்காக நடப்பது போலவே இருக்கும். உங்கள் குறிப்பேட்டு வட்டத்தில் எல்லா அம்புக்குறிகளும் உங்களை நோக்கியே வந்தால் அதுதான் நடக்கிறது. உங்களிடம் கேட்கப்படும் கேள்வியை வட்டத்துக்குத் திருப்புங்கள், ஆனால் ஒவ்வொரு கேள்வியையும் திருப்பாதீர்கள். ‘அடுத்த வாரம் லீவா?’ என்பதற்கெல்லாம் நேரடி பதில்தான் மரியாதை.

கோ-தெரபிஸ்டோடு நடத்தும்போது பதவி வேற்றுமை உள்ளே நுழைந்துவிடும். மூத்த மனநல மருத்துவரும் இளைய உளவியலாளரும் சேர்ந்து நடத்தினால், குழு டாக்டரிடம் மட்டும் பேசும், மாத்திரை டோஸ் கேட்கும். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காராமல் எதிரெதிரே உட்காருங்கள், ஒருவர் பார்க்காத முகம் மற்றவர் கண்ணில் படும். செஷனைத் தொடங்குவதையும் முடிப்பதையும் இளையவர் செய்யட்டும். மருந்து பற்றிய பேச்சுக்கு வேறு நேரம் ஒதுக்குங்கள்.

இன்னொன்று பலிகடா. குழுவில் யாருக்கும் பிடிக்காத ஒருவர் உருவாகி, எல்லோரும் ஒன்றுசேர்ந்து அவரைத் திருத்த ஆரம்பிப்பார்கள். அவரைக் காப்பாற்ற நீங்கள் குதித்தால் அவர் மேலும் தனிமைப்படுவார், சும்மா இருந்தால் நொறுங்கிப்போவார். அவர் சுமப்பது மற்றவர்களும் தங்களுக்குள் வைத்திருக்கிற ஒன்றுதான் என்ற பாதையில் போங்கள்: ‘இவர் கோபத்தைப் பத்தியே அரை மணி நேரமா பேசறோம். மத்தவங்க கோபம் இன்னிக்கு எங்க போச்சு?’ ஒரே ஒருவர் ‘எனக்கும்தான்’ என்று சொல்லிவிட்டாலும் சுமை பங்காகிவிடும்.

நடத்தும் காலம் முழுவதும், குறைந்தது 24 வாரம், வாரம் ஒரு மணி நேர சூப்பர்விஷன் வேண்டும். குழு நடத்திப் பழகாத சூப்பர்வைசர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், உங்கள் குறிப்பை எட்டுத் தனித்தனி கேஸாகப் பிரித்துவிடுவார்.

தனியறைக்குத் திரும்பும்போது

இங்கே பழகியது தானாக அங்கே போய்ச் சேராது. வேண்டுமென்றே கொண்டுபோக வேண்டும். எடுத்த எடுப்பில் செய்யக்கூடியது, கிளையன்டின் உள்ளே இருக்கும் குழுவை வரைவது. வீட்டுச் சாப்பாட்டு நேரத்தையோ அலுவலக மீட்டிங்கையோ வட்டமாக வரையச் சொல்லி, யார் எங்கே, யார் பேசினால் யார் வாயை மூடிக்கொள்வார்கள், யார் எல்லோருக்கும் சமாதானத் தூது என்று குறிக்கச் சொல்லுங்கள். ‘இந்த வட்டத்துல என்னை எங்க உட்காரவெச்சிருக்கீங்க?’ என்று கடைசியாகக் கேளுங்கள். தெரபிஸ்டை அம்மா பக்கத்தில் உட்காரவைத்தவருக்கும் வாசல் பக்கம் உட்காரவைத்தவருக்கும் சிகிச்சை ஒன்றாக இருக்க முடியாது.

அடுத்தது, கிளையன்ட் உங்கள் மேல் குறை சொல்லும்போது வரும் பதற்றம். தனியறையில் அது அபூர்வமாக வரும், வந்தால் பெரும்பாலான தெரபிஸ்டுகள் விளக்கம் கொடுத்து மூடிவிடுவார்கள். குழுவில், ‘மேடம் எப்பவும் அவங்களையே பாத்துப் பேசறாங்க’ என்று முகத்துக்கு நேரே கேட்டு, அதில் உண்மை இருப்பதை ஒப்புக்கொண்டு, அதற்குப் பிறகும் குழு உயிரோடிருப்பதைப் பார்த்தவருக்கு அந்தப் பதற்றம் குறைகிறது. அதன்பின் தனியறையில், ‘போன வாரம் நான் சொன்னதுல ஏதாவது உறுத்துச்சா?’ என்று முந்திக்கொண்டு கேட்க முடியும்.

யாரைக் குழுவுக்கு அனுப்பலாம் என்ற கண்ணும் திறக்கும். உங்களிடம் நன்றாகப் பேசி, எல்லாம் புரிந்துகொண்டு, வெளியே மட்டும் எதுவும் மாறாமல் ஒரு வருடம் கடத்தும் கிளையன்ட் ஒவ்வொருவரிடமும் இருப்பார். அவருக்கு இன்னொரு நல்ல கேட்பவர் தேவையில்லை. முகம் சுளிக்கிற எட்டுப் பேர் தேவை. அனுப்பும்போது தனிச் சிகிச்சையும் தொடர்வதாக இருந்தால், குழுவில் பேச வேண்டியதை உங்களிடம் வந்து சொல்லி ஆறுதல் வாங்கிக்கொள்வதற்கு இடம் கொடுக்காதீர்கள். ‘இதை வியாழக்கிழமை அங்க சொல்ல எது தடுக்குது?’ என்ற கேள்வியைக் கையில் வைத்திருங்கள்.

பயிற்சி வேலை செய்ததா என்று பார்க்க எளிய வழி உண்டு. பயிற்சி தொடங்கும் முன், எழுத்துமூலம் சம்மதம் வாங்கி, ஒரு தனிநபர் செஷனை ஒலிப்பதிவு செய்து வையுங்கள். ஒரு வருடம் கழித்து இன்னொன்றைப் பதிவு செய்து, இரண்டிலும் மூன்று விஷயங்களை எண்ணுங்கள்: மௌனம் வந்ததும் எத்தனை விநாடியில் வாய் திறந்தீர்கள், எத்தனை முறை அறிவுரை சொன்னீர்கள், ‘இப்ப நமக்குள்ள என்ன நடக்குது’ என்ற வகைக் கேள்வியை எத்தனை முறை கேட்டீர்கள். பழைய பதிவில் மூன்றாவது எண்ணிக்கை பெரும்பாலும் பூஜ்யமாகத்தான் இருக்கும். எண்ணி முடித்ததும் இரண்டு பதிவுகளையும் அழித்துவிடுங்கள், சம்மதப் படிவத்தில் அதற்கும் ஒரு வரி இருக்கட்டும்.